நாக்கடியில் ஒரு மாத்திரை

முடிச்சூர்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்தபின்

கர்த்தருக்குள் பிரியமான மகள் எப்சிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் தேவ கிருபையால் சுகம். பூனாவில் நீ சுகமா என்று கேட்கமாட்டேன். கேட்டால் 'ஃபைன்' என்பாய், நான் நம்பமாட்டேன். ஏன் போனில் அனுப்பவில்லை என்று நினைப்பாய். மூக்குக்கண்ணாடி தேடுகிற சாக்கில் உன் அப்பா என் போனை நோண்டுகிறார் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். கூரியர்காரனையும் நம்புவதற்கில்லை. நானே தபால் ஆபீசுக்கு நடந்துபோய் இதைப் போடுகிறேன்.

போன தடவை வந்தாயே, நீ பெண்ணாக, எப்சியாக, இந்த வீட்டுக்கு வந்த முதல் விடுமுறை அது. அப்பா அதிகம் பேசாவிட்டாலும் காலை ஜெபத்துக்குத் தன் பக்கத்தில் உனக்கு நாற்காலி போட்டார். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. ஆளுக்கொரு வசனம் சொல்லி உன் முறை வந்தபோது நீ வாயைத் திறக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாய். மறுநாளும் அதே கதை. அப்பா வேதப்புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனார். சமையலறைக்கு வந்து, இந்தப் பிள்ளைக்குக் கர்த்தரும் வேணாம், நாமளும் வேணாம் ரத்தினா என்றார். அது உன் காதிலும் விழுந்திருக்கும். சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? புகையிலை. உன் தாவீது மாமா அப்படித்தான் உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு, எது கேட்டாலும் 'ம்' கொட்டுவான். நீ போனதும் உன் தலையணையை மோந்து பார்த்தேன். ஷாம்பூ வாசனைதான் வந்தது. அப்புறம் பாத்ரூம் ஜன்னலில் காலி மாத்திரை அட்டை கிடைத்தது. பெயரைப் படித்தேன். கர்ப்பப்பை எடுத்தபின் டாக்டரம்மா எனக்கு எழுதிக்கொடுத்த அதே பெண் ஹார்மோன் மாத்திரை. என் மருந்து டப்பாவிலிருந்து அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே மாத்திரை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆனால் நான் சாப்பாட்டுக்குப் பின் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறவள். நீ ஏன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாய்? ராஜகீழ்ப்பாக்கத்தில், உன்னைப் போலவே பெண்ணாக மாறின உன் சிநேகிதி ப்ரியாவைப் பிடித்தேன். முதலில் மழுப்பினாள், நான் விடவில்லை. அது நாக்குக்கு அடியில வைக்கிறது ஆன்ட்டி, கரையற வரைக்கும் பேசக்கூடாது, எச்சிலக்கூட முழுங்கக்கூடாது, முழுங்கிட்டா வேஸ்ட் என்றாள். அப்படியானால் இத்தனை காலம் நான் விழுங்கியதெல்லாம் வேஸ்டா? ஏமாற்றுவது என் டாக்டரா, உன் டாக்டரா? அதையும் கேட்டேன். எங்க ஃபிரண்ட்ஸ் நிறைய பேர் இப்படித்தான் ஆன்ட்டி என்றாள். ஃபிரண்ட்ஸ் எந்தக் காலேஜில் மருத்துவம் படித்தார்கள்?

நேரே டாக்டரம்மாவிடம் போனேன். விழுங்கினால் மாத்திரை முதலில் கல்லீரலுக்குப் போய், அங்கே பெரும்பகுதி உருமாறி, மெதுவாக ரத்தத்துக்கு வருமாம். நாக்கடியில் வைத்தால் நேராக ரத்தத்தில் கலந்து விறுவிறுவென ஏறி, சீக்கிரமே இறங்குமாம். எது உசத்தி என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இன்னும் ஆராய்ச்சி இல்லையாம். ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளும் பயம் இருப்பதால் அவரவர் டாக்டர் சோதித்துப் பார்த்துத்தான் முறையையும் அளவையும் சொல்லவேண்டும் என்றார். சோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது மாத்திரையை எப்படி, எப்போது எடுத்தோம் என்றும் சொல்லவேண்டுமாம். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, யாருக்கும்மா கேக்குறீங்க என்றார். என் மகளுக்கு என்றேன். வெளியாளிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதனால் கேட்கிறேன், மறைக்காமல் சொல். நாக்கடியில் வைக்கச் சொன்னது டாக்டரா, போனில் இருக்கிற கும்பலா? கடைசியாக ரத்தம் சோதித்தது எப்போது? காலில் வீக்கமோ வலியோ வந்தால், மூச்சு முட்டினால், 'ஃபைன்' என்று சொல்லிக்கொண்டிராதே, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. அன்றைக்கு மாத்திரை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவிடாமல் எங்கள் முகத்தில் என்ன கண்டாயோ.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பேப்பரைப் புரட்டாமல் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், அது கரைய எவ்ளோ நேரம் ஆகும் என்று கேட்டார். கால் மணி, சில நாள் அதற்கு மேலும் ஆகும் என்று ப்ரியா சொன்னதைச் சொன்னேன். மறுநாள் காலை எழுந்து நாற்காலிகளைப் போட்டால் ஆள் வரவில்லை. இனிமே ஜெபம் அரை மணி தள்ளி என்கிறார். பெருவெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது கட்டில்மேல் உட்காரவைத்து அதே நேரத்துக்கு ஜெபம் நடத்தின மனுஷன்! காரணம் கேட்டால், பால் லேட்டா வருது என்கிறார். பால் நாங்கள் கண் விழிக்கும் முன்னே வந்துவிடுகிறது. அவர் சொல்வதை நான் துளியும் நம்பவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வா மகளே. டாக்டர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே போட்டுக்கொள், அவசரப்படாதே, முழுக்கக் கரையட்டும். நாங்கள் உட்கார்ந்திருப்போம். தேவன் உன் உடம்பையும் மனசையும் ஒரு குறையில்லாமல் காத்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா,
ரத்தினபாய் தயாளன்