அமெரிக்காவில் போய்க் கொழுவிய கதை

என் உயிரான அருளப்பு,

இஞ்சாருங்கோ, உங்களுக்குத்தான். நீங்கள் இருந்தவரைக்கும் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இன்றைக்குக் கூப்பிடுகிறேன், கோபிக்க வேண்டாம். வருகிற ஞாயிறு காலை பாலையூற்றுக் கோவிலில் உங்கள் முதலாம் ஆண்டுத் திருப்பலி. வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுமலரில் ஏதாவது எழுதச் சொல்லிப் பங்குச் சுவாமி கேட்டார். அழுது வடிக்கிற எழுத்து உங்களுக்குப் பிடிக்காது. அதனால் நாங்கள் வென்ற கதையை எழுதுகிறேன். ஊரும் வாசிக்கட்டும்.

புலமைப்பரிசில் கிடைத்த செய்தி வந்த அன்று நான் உங்களிடம் முதலில் சொன்னதே, போக ஏலாது என்றுதான். தேயிலை ஏற்றும் கப்பல்களுக்கு முகவராக இருந்த கம்பனியில் நான் எழுதுவினைஞர். பொருளியல் படித்திருந்தேன் என்ற துணிவில், கிடைக்காது என்று நினைத்துப் பகிடிக்குப் போல விண்ணப்பித்திருந்தேன். அமெரிக்காவிலேயே பேரெடுத்த ஒரு தனியார் பல்கலைக்கழகம். அதன் வணிகப் பட்டமேற்படிப்புக் கல்லூரியில் இரண்டு வருடம் படிக்க வேண்டும். மூத்தவள் ஜெசிந்தா அப்போதுதான் இரண்டாம் வகுப்பு. சேவியர் இன்னும் என் இடுப்பை விட்டு இறங்காதவன்.

துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டிவிட்டு வந்து, நனைந்த சட்டையோடு நின்றபடி கேட்டீர்கள். "ஏலாது எண்டு சொல்லுறதுக்கோ இவ்வளவு பாடுபட்டு எழுதினனீ? போட்டு வா. பிள்ளையளை நான் பாக்கிறன்."

உங்கள் அம்மா அன்றிலிருந்து என்னோடு கதைக்கவில்லை. தாலி கட்டினவனைக் குசினி அடுப்படியில் விட்டுவிட்டுப் படிக்கப் போகிற மருமகளை மாமி வேறு எங்கே கண்டிருக்கிறா? கோவில் வாசலில் ஆண்கள் உங்களைப் பார்த்துச் சிரித்ததும் எனக்குத் தெரியும். புட்டு அவிக்கப் பழகிவிட்டாயா என்று கேட்டார்களாம். ஓம், பழகிவிட்டேன், வந்து சாப்பிட்டுப் பாருங்கள் என்றீர்களாம்.

அங்கே நடந்ததை உங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். வாசிக்கிறவர்களுக்காக இன்னொரு முறை.

அந்தக் கல்லூரியில் ஆசிரியர் பாடம் நடத்துவதில்லை. ஏதாவது ஒரு கம்பனிக்கு வந்த சிக்கலை வாசித்துவிட்டு வரச் சொல்வார்கள். மறுநாள் வகுப்பில் நாங்களே வாதாடித் தீர்வு சொல்ல வேண்டும். அரைவட்டமாகப் படிபடியாக உயர்ந்த மண்டபம். முழுக்க ஆண்கள். பெண்கள் எங்களை ஒரு வாங்கிலேயே இருத்திவிடலாம். சேலை உடுத்தவள் நான் ஒருத்தி. வாய் திறந்தால்தான் புள்ளி. எல்லாம் விளங்கியது, ஆனால் வாய் திறக்கவில்லை. மனதுக்குள் ஆங்கில வசனத்தைக் கூட்டி முடிப்பதற்குள், வேறொருவன் அதையே சொல்லிவிட்டு இருந்துவிடுவான்.

மார்கழிக்கு முன்னர் என்னைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். தவணை முடிவதற்குள் வகுப்பில் பங்கெடுக்காவிட்டால் தொடர விட மாட்டோம் என்றார்கள். அவர்களாக அனுப்புவதற்கு முன் நானாக வந்துவிடலாம் என்று நினைத்தேன். வருகிறேன் என்று உங்களுக்குத் தந்தி அடித்தேன்.

நீங்கள் தபால் கந்தோரில் போய் நின்று, கொழும்பு வழியாகத் தொலைபேசி அழைப்புக்குப் பதிந்து, கிடைக்கும் வரைக்கும் அங்கேயே இருந்திருக்கிறீர்கள். விடுதி நடையில் இருந்த தொலைபேசியை எடுத்தபோது முதலில் கடல் இரைவது போல ஒரு சத்தம். பிறகு உங்கள் குரல்.

"பிலோமி, கேக்குதா? இஞ்ச வந்து என்ன செய்யப் போறாய்? என்னோடதானே சண்டை பிடிச்சுக் கொழுவப் போறாய். அந்தக் கொழுவலை அங்கயே கொழுவிப்போட்டு வா."

நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்றும் தெரியாது. எனக்குக் கதைக்க வராது என்றேன். "என்னோட ஒரு நாளாவது கதைக்க யோசிச்சனியே?" என்று கேட்டீர்கள். அதோடு அழைப்பு அறுந்துவிட்டது.

அந்தக் கிழமை வகுப்புக்கு வந்தது தோல் சப்பாத்துத் தைக்கும் ஒரு தொழிற்சாலையின் கதை. முதலாளியின் மகன் புது இயந்திரம் வாங்கி, பாதித் தொழிலாளரை ஒரே நாளில் வேலையிலிருந்து நிற்பாட்டப் பார்க்கிறான். வகுப்பு முழுக்க அவன் பக்கம். முன்வரிசையில் இருந்த உயரமான ஒருவன், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று முடித்துவிட்டான். ஆசிரியர் அடுத்த விடயத்துக்குப் போகத் திரும்பினார்.

நான் எழும்பினேன். கையைக்கூட உயர்த்தவில்லை. மிச்சப் பாதிப் பேர் மறுநாள் எந்த மனதோடு வேலைக்கு வருவார்கள் என்று அவனைக் கேட்டேன். சம்பளத்துக்கு வருவார்கள் என்றான். அடுத்தது தாங்கள்தான் என்று பயந்தவன் நல்ல சப்பாத்துத் தைப்பானா என்றேன். அவன் ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, இலக்கணம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. குசினி வாசலில் உங்களோடு நிற்பது போலவே இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றேனாம். பிறகு தோழி ஒருத்தி சொன்னாள். ஆசிரியர் மேசை விளிம்பில் ஏறி இருந்துவிட்டார். மணி அடித்த பிறகும் ஒருவரும் எழும்பவில்லை. கடைசியில் ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம், வேறு வேலை பழக்கலாம் என்ற என் வழிக்கு மண்டபத்தில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. அந்த உயரமானவன் வெளியே என்னைப் பிடித்து, நீ வழக்கறிஞரா என்று கேட்டான். இல்லை, எனக்குக் கலியாணம் முடிந்துவிட்டது என்றேன்.

அதற்குப் பிறகு என்னை யார் அடக்கினார்கள்? இரண்டாம் வருடம் எங்கள் பிரிவில் திறமைச் சித்தி பெற்ற முன்னணி மாணவர் பட்டியலில் என் பெயரும் இருந்தது. பட்டம் வாங்க மேடையில் ஏறிய நேரம் கைதட்டு நான் நினைத்ததைவிட நீண்டது. நீங்களும் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

நான் ஊர் திரும்பிய அன்று திருகோணமலை ரயில் நிலையத்தில் நீங்கள் பிள்ளைகளோடு நின்றீர்கள். ஜெசிந்தாவுக்கு இரட்டைப் பின்னல், நேர் வகிடு. என்னைவிட நன்றாகப் பின்னியிருந்தீர்கள். பக்கத்தில் உங்கள் படகுத் தோழர், எங்களுக்கு அண்ணன் மாதிரியான கிண்ணியா கனீபா நானா. பெட்டியைத் தூக்கியபடி அவர்தான் வாய்தவறிச் சொன்னார், நீங்கள் படகை விட்டு இரண்டு வருடமாகிறது என்று. படகில் இராவேலை வரும், பிள்ளைகள் தனியே கிடக்கும் என்பதற்காக அந்த வேலையை விட்டுவிட்டுக் களஞ்சியசாலையில் பகல் வேலை கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். அந்தப் படகை எவ்வளவு நேசித்தீர்கள் என்று எனக்குத் தெரியாதா? ஏன் எழுதவில்லை என்று நடைமேடையிலேயே கேட்டேன். "எழுதினா நீ வந்திருப்பாய்" என்றீர்கள்.

மறு வருடமே நீங்கள் படகுக்குத் திரும்பினீர்கள் என்பது என் பெரிய ஆறுதல். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததும் அந்தச் சுக்கானுக்குப் பக்கத்தில்தான்.

இனி உங்களுக்குத் தெரியாத புதினத்தைச் சொல்கிறேன்.

எங்கள் கம்பனியின் திருகோணமலைக் கிளைக்கு முகாமையாளர் பதவி வெற்றிடமானது. விண்ணப்பித்தேன். கொழும்பிலிருந்து பணிப்பாளர்கள் வந்து நேர்முகம் வைத்தார்கள். என் படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கணவரும் இல்லை, கப்பல் வந்தால் இராப்பகல் பாராமல் நிற்க வேண்டுமே, பிள்ளைகளை யார் பார்ப்பது என்று தலைவர் இரக்கமாகக் கேட்டார்.

நான் சொன்னேன். "என் கணவர் இரண்டு வருடம் தனியாகப் பார்த்தார். அவர் ஒரு நாளாவது வேலைக்குப் பிந்தினாரா என்று துறைமுகத்தில் கேளுங்கள். அவருக்கு ஏலுமாக இருந்தது எனக்கும் ஏலும்."

அவர்கள் துறைமுகத்தில் உண்மையிலேயே விசாரித்தார்களாம். கனீபா நானாவிடமும் கேட்டிருக்கிறார்கள். அவர் என்ன சொன்னாரோ, சொல்ல மாட்டேன் என்கிறார். நியமனம் வந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை பொறுப்பேற்கிறேன். இந்தக் கிளையை நடத்தப்போகிற முதல் பெண் உங்கள் மனைவி.

இன்று பின்னேரம், இவ்வளவு காலமும் என்னோடு கதைக்காத மாமி எங்கள் வீட்டுக்கு வந்தா. கையில் மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுச் சேலை. தானே கடைக்குப் போய் எடுத்ததாம். ஞாயிறு பூசை முடிய, இந்த ஒரு வருடமாக நான் உடுத்தும் துக்கக் கறுப்பைக் கழற்றிவிடச் சொன்னா. "திங்கக்கிழமை இதை உடுத்திக்கொண்டு போ, பிள்ளை. என்ர மகன் அனுப்பினவள் எண்டு எல்லாரும் பாக்கட்டும்."

உடுத்துவேன். அந்தச் சேலையோடு, ஆண்கள் நிறைந்த அந்தக் கந்தோருக்குள் நடுவாசலால் நடந்து போவேன். ஜெசிந்தாவும் சேவியரும் எவ்வளவு தூரம் படிக்க ஆசைப்பட்டாலும் ஏலாது என்ற சொல் என் வாயில் வராது. இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

உங்கள் பிள்ளைகளின் தாய்,
உங்கள் அம்மாவின் மருமகள்,
என்றும் உங்கள் மனைவி
பிலோமினா