கை நீட்டி வாங்காத திமிங்கிலப் பல்

அனுப்புநர்:
திருமதி ப்ரேமிலா
(காலஞ்சென்ற கரும்பு விவசாயி வீரசாமியின் மனைவி)
மே/பா. திரு. பல்ராம், டாக்சி ஓட்டுநர்,
வோட்டுவாலேவு, நாண்டி.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
நல்லிணக்க மசோதா குறித்துப் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் குழு,
நாடாளுமன்றம், சுவா.

பொருள்: 2000-ஆம் ஆண்டுக் கலவரத்தில் எங்கள் வீட்டை எரித்த இலியேசா என்பவருக்கு அரசு பொது மன்னிப்பு வழங்கும் முன்னர், அவரை மன்னிக்க எனக்கு வாய்ப்பளிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மனுவை அவரவர் அறிந்த மொழியில் தரலாம் என்று வானொலியில் சொல்லக் கேட்டேன். அதை நம்பி எழுதுகிறேன். எனக்கு ஹிந்தி பேச வரும், எழுத வராது. ஆங்கிலம் கடைப் பலகை படிக்கும் அளவுக்குத்தான். எழுதத் தெரிந்தது எங்கள் தமிழர் சங்கம் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் ஒன்றுதான். இதை மொழிபெயர்க்கப் போகிறவர் யாரோ, அவரிடம் ஒரு வேண்டுகோள். நடுநடுவே சில கனவுகள் வருகின்றன. மனுவில் கனவுக்கு என்ன வேலை என்று அவற்றை விட்டுவிட வேண்டாம். இந்த ஐந்து வருடத்தில் எது நடந்தது, எது கனவில் வந்தது என்று பிரித்துச் சொல்லச் சில நாள் எனக்கே முடிவதில்லை.

2. இந்த மசோதாவே கூடாது என்று பலர் எழுதியிருப்பார்கள். குற்றம் செய்தவனை விடக்கூடாது என்பது அவர்கள் கட்சி. நான் அந்தக் கட்சி இல்லை. மன்னித்து, மறந்து, எல்லோரும் ஒன்றாகப் போக வேண்டும் என்பது பிரதமர் அரசின் வாதம். நல்ல பேச்சுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மன்னிக்க வேண்டியவள் நான். என்னைக் கேட்காமல், என் பெயர்கூடத் தெரியாமல், சுவாவில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாலு பேர் மன்னித்துவிடுவார்கள் என்றால், அது கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற காரியம். தேங்காய் என்னுடையது, ஐயா. பாதிக்கப்பட்டவரைக் கூப்பிட்டுக் கேட்கவும் அந்த மசோதாவில் வழி இருக்கிறது என்று என் தம்பி பல்ராம் சொல்கிறான். இருந்தால் கூப்பிடுங்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

3. எங்கள் தோட்டம் தவுவாவிலிருந்து வட்டுகோலா போகும் பஸ் மலைக்குத் திரும்பும் இடத்தில், சாலையிலிருந்து உள்ளே இருந்தது. நிலம் வைசாலே என்ற பெரியவரின் கிராமத்துக்குச் சொந்தம். குத்தகை என் மாமனார் காலத்திலிருந்து எங்களுடையது. இலியேசா அந்தப் பெரியவரின் தங்கை மகன். மனுவில் 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் என் சமையலறையில் தன் தட்டைத் தானே கழுவி வைத்தவனை 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை. மன்னிக்கவும், 'அவன்' என்றே எழுதுகிறேன். அறுவடைக் காலம் முழுக்க என் கணவரோடு ஒரே கேங்கில் கரும்பு வெட்டுவான். மத்தியானம் உடம்பெல்லாம் கரியாக வந்து நின்று, "பாபி, ரோட்டி ஹை?" என்பான். அண்ணி, ரொட்டி இருக்கிறதா என்று கேட்கிறானாம். இல்லாமல் எங்கே போகும்? எங்கள் உழவு மாடுகள் லாலு, மோத்தி இரண்டுக்கும் அவன் என்றால் தனிப் பிரியம். என் மகன் ரித்தேஷ் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பாதவை, அவன் மெதுவாகக் கூப்பிட்டால் காதை அசைத்துக்கொண்டு போய் நிற்கும்.

4. நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து அரசையே சிறை வைத்த செய்தி வந்த பிறகும் எங்கள் பக்கம் சில வாரம் அமைதியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு காலையில் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். முன்னால் வந்தவன் இலியேசா. அவன் கையில் தடிகூட இல்லை. லாலு, மோத்தி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். இரண்டும் வழக்கம்போல அவன் பின்னால் போய்விட்டன. அடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அன்றே வெட்டிச் சமைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். மறுநாள் வந்து வீட்டுக்கு நெருப்பு வைத்தார்கள். நானும் என் கணவரும் கரும்புக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கரும்பு பூத்திருந்த சமயம். பூவும் சாம்பலும் ஒரே மாதிரி மிதந்து வந்து எங்கள் மேல் விழுந்தன. அதனாலோ என்னவோ, அதை நடந்த காரியமாக என் மனம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

5. அங்கிருந்து சவேனிக்கு வந்து, என் கணவரின் சிற்றப்பா மகன் நிலத்தில் தகரக் கொட்டகை போட்டுத் தங்கினோம். எங்கள் குத்தகையும் அந்தச் சமயத்திலேயே முடிந்தது. புதுப்பிக்க யாரும் முன்வரவில்லை, கேட்க எங்களுக்கும் தைரியம் இல்லை. போலீஸ் இலியேசாவைப் பிடித்தது. கோர்ட்டில் என் கணவர் பார்த்ததைச் சொன்னார். அவன் மறுக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டே ஒப்புக்கொண்டான். தண்டனை சொல்ல நாள் குறித்து, அதுவரை ஜாமீனில் விட்டார்கள்.

6. இனி எழுதுவதுதான் என் மனுவின் உயிர். தயவுசெய்து நிதானமாகப் படிக்க வேண்டும். அந்த வருடம் சவேனிப் பக்கத்து மாரியம்மன் கோயில் தீமிதியில் என் கணவர் காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கட்டினால் தீ மிதித்து முடியும் வரை வீட்டுக்கு வரக்கூடாது, கோயிலிலேயே படுக்கை. மாமிசம், எலும்பு, தோல் எதையும் தொடக்கூடாது. பூசை வேளையில் வாய் திறக்கக்கூடாது. அப்படி மஞ்சள் துணியும் கையில் காப்புமாக அவர் இருந்த ஒரு சாயங்காலம், வைசாலே பெரியவர் தம் ஊர்க்காரர்களோடு கோயிலுக்கே வந்துவிட்டார். செருப்பை வெளியே விட்டு, பாயை விரித்து, மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் பின்னால் இலியேசா, நெற்றி முட்டியில் படும்படி குனிந்திருந்தான். பெரியவர் இரண்டு கையிலும் ஒரு தம்புவாவை ஏந்தி நீட்டினார். கயிறு கோத்து, எண்ணெய் தடவித் தடவி மஞ்சளேறிய திமிங்கிலப் பல். அவர்கள் வழக்கத்தில் அதைவிடப் பெரிய மன்னிப்புக் கேட்டல் இல்லை. "பாயா, ஹம் லோக் கல்த்தி கரா," நாங்கள் தப்புச் செய்துவிட்டோம் தம்பி, என்று சொன்னார்.

7. பல் என்றால் எலும்புதானே, ஐயா. காப்புக் கட்டிய கை அதை எப்படித் தொடும்? உள்ளே உடுக்கை அடித்துக்கொண்டிருந்தது, பூசை வேளை. என் கணவர் பேசவும் முடியாமல், தொடவும் முடியாமல், இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கூப்பி நின்றார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எங்கள் வழக்கத்தில் கை கூப்புவதற்கு மேல் ஒன்றும் கிடையாது. சாமிக்கே அவ்வளவுதான். அதனால் காரியம் நல்லபடியாக முடிந்தது என்றே நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர்கள் நெடுநேரம் காத்திருந்தார்கள். பிறகு பெரியவர் பல்லை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தார். நீட்டிக் காட்டிவிட்டு எடுத்துப் போவதும் அவர்கள் வழக்கம் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

8. சில வாரம் கழித்து லவுட்டோக்கா மார்க்கெட்டில் பெரியவரின் மனைவியைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டு போனேன். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விடாமல் கேட்ட பிறகுதான் சொன்னாள். நீட்டிய தம்புவாவைக் கையில் வாங்கவில்லை என்றால், மன்னிக்க மாட்டேன் என்று அர்த்தமாம். அந்த நிலையில்தான் இலியேசா போய்த் தண்டனையைக் கேட்டிருக்கிறான். ஆறு வருடம். வெங்காயக் கூடைகளுக்கு நடுவில் நானும் அவளும் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை மார்க்கெட்டே வேடிக்கை பார்த்தது.

9. அன்றிலிருந்து ஒரு கனவு வருகிறது. பெரியவர் பல்லை நீட்டுகிறார். நான் கையை நீட்டுகிறேன். இரண்டு கைக்கும் நடுவே சவேனிக் கடல் வந்து படுத்துக்கொள்கிறது. அலை இல்லாத, முழங்கால் ஆழக் கடல். நடக்கிறேன். அவரும் நடக்கிறார். தூரம் மட்டும் குறைவதில்லை. அந்தக் கனவில் யாருக்கும் கோபம் கிடையாது, அவசரமும் கிடையாது. விழித்த பிறகுதான் கை காலியாக இருப்பது தெரிகிறது.

10. நாங்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். விஷயம் தெரிந்ததும் என் கணவர் பலமுறை சிறைவாசலுக்குப் போனார். இலியேசா ஒரு தடவையும் வெளியே வரவில்லை. 'மன்னிக்க மாட்டேன்' என்பதை முகத்துக்கு நேரே சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தானாம். 2003-இல் என் கணவர் மாரடைப்பில் காலமானார். ஆஸ்பத்திரியில் என்னிடம் கடைசியாகத் தெளிவாகச் சொன்ன பேச்சு, "அந்தப் பல்ல நீ வாங்கிக்க புள்ள" என்பதுதான். பிறகு நான் போனேன், எனக்கும் அவன் வரவில்லை. காவலர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார், அவர்மேல் குறை இல்லை. வைசாலே பெரியவரின் ஊருக்கும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை உட்காரவைத்து, மீனும் மரவள்ளியும் போட்டு, துணி மூட்டையைக் காட்டினார். பல் பத்திரமாக இருக்கிறது. ஆனால் தப்புச் செய்தவன் பின்னால் உட்காராமல் அதை மறுபடி நீட்ட முடியாது என்றார். அவரும் சிறையில் போய் அவனிடம் சொல்லிப் பார்த்தார். மாமா ஆறுதலுக்குப் பொய் சொல்கிறார் என்கிறானாம்.

11. இப்போது என் மகன் ரித்தேஷ் பிரிஸ்பேனிலிருந்து என்னை அழைத்துக்கொள்ள எல்லா ஏற்பாடும் செய்துவிட்டான். செப்டம்பரில் பயணம். அதுவரை தம்பி வீட்டில் இருக்கிறேன். விமான நிலையம் பக்கத்திலேயே, விமானம் மேலே எழும்பும்போதெல்லாம் இங்கே பாத்திர மூடிகள் ஆடும். மத்தியானம் அந்தச் சத்தத்திலேயே கண் சொக்கிவிடும். அப்போது ஓடுபாதை முழுக்கக் கரும்பு நடப்பட்டிருக்கும். லாலுவும் மோத்தியும் நுகத்தடியில் விமானத்தைப் பூட்டி இழுத்துக்கொண்டு போகும். உள்ளே, ஊரை விட்டுப் போன எங்கள் சனங்கள் எல்லாம் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார்கள். எங்கிருந்தோ இலியேசா மெதுவாகக் கூப்பிடுவான். மாடுகள் நின்றுவிடும். விமானமும் நின்றுவிடும். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இதைச் சொன்னால் தம்பி சிரிக்கிறான். "அக்கா, கவர்மென்ட்டே மாஃப் பண்ணுதுன்னா நீ என்னா தனியா பண்றது? பேசாம சூட்கேஸ் கட்டு" என்கிறான். அவனுக்கு அவன் கவலை.

12. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த மசோதாவால் தப்பிக்கப் போகிறவர்களில், சுவாவில் உட்கார்ந்து பேச்சாலேயே நெருப்பு மூட்டிய பெரிய மனிதர்களும் இருப்பார்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். அம்பைத்தான் ஐந்து வருடமாகச் சிறையில் வைத்திருக்கிறீர்கள். எய்தவர்களில் ஒருவராவது எந்த வாசலிலும் வந்து மண்டியிட்டதாக நான் கேள்விப்படவில்லை. மன்னிப்பை முதலில் அவர்கள் கேட்கட்டும், பிறகு கொடுப்பதைப் பற்றிப் பேசலாம். இலியேசா கேட்டுவிட்டான். அவனுக்குக் கொடுக்கத்தான் முடியவில்லை. நாளைக்கே உங்கள் சட்டம் அவனை வெளியே விட்டாலும், ஊர்ச் சபையில் அவன் தலை நிமிர்ந்து உட்கார முடியாது என்று பெரியவர் சொல்கிறார். கதவைத் திறக்கத்தான் சட்டத்தால் முடியும்.

13. ஆகவே நான் வேண்டுவது இவ்வளவே. செப்டம்பருக்குள் ஒரு நாள், சிறைக்குள்ளேயோ வெளியிலேயோ, தாங்கள் சொல்லும் இடத்தில், காவலர் எத்தனை பேர் நின்றாலும் சரி, வைசாலே பெரியவர் அந்தத் தம்புவாவை நீட்டவும், இலியேசா பின்னால் உட்காரவும், என் கணவர் இடத்தில் நின்று நான் வாங்கவும் அனுமதி தர வேண்டும். சடங்கு முடிந்து அவர்கள் வழக்கப்படி யங்கோனா வேர்ச்சாறு கொடுத்தால் அதையும் குடிப்பேன். எனக்கு இழப்பீடு எதுவும் வேண்டாம். அதன் பிறகு அவன் விடுதலைக்கு என் கையெழுத்து தேவை என்றால் அங்கேயே போட்டுத் தருகிறேன். அதற்கு முன்னால் என் பெயரில் வேறு யாரும் போட வேண்டாம்.

14. இதற்கு விதியில் இடமில்லை என்று தாங்கள் முடிவு செய்தால், கடைசியாக ஒன்று. சிறைவாசலில் காவலரிடம் சொல்லி அனுப்புகிற விஷயம் இல்லை என்றுதான் இத்தனை நாள் நெஞ்சிலேயே வைத்திருந்தேன். இப்போது எனக்கு நாள் இல்லை. மாமன் சொன்னால் நம்பாதவன், அரசாங்க முத்திரை போட்ட தாளில், என் கையெழுத்தோடு வந்தால் ஒருவேளை நம்புவான். ஆகையால் கீழே உள்ள வரியை மட்டும் அவன் மொழியில் எழுதி, முத்திரை போட்டு, ஓர் அதிகாரியைக் கொண்டு அவனுக்குப் படித்துக் காட்டும்படி தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்:

"இலியேசா, அன்றைக்கு அண்ணன் கை கூப்பியது, 'சரி' என்று சொல்லத்தான்."

இடம்: வோட்டுவாலேவு
நாள்: 7 ஜூலை 2005

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வீ. ப்ரேமிலா