முதலாளியின் கூரை

செவ்வாய்க்கிழமை, மழை

காலையில் கடையைத் திறந்ததும், தைத்து மாட்டியிருந்த வெள்ளைச் சீருடையின் தோளில் பழுப்பாக ஒரு கறை தெரிந்தது. மேலே பார்த்தேன். தகரம் மறுபடியும் ஒழுகியிருந்தது.

வாடகை ஒப்பந்தம் போட்ட அன்று கடைச் சொந்தக்கார முதலாளியே எங்களுக்கு வாசித்துக் காட்டினார். கூரையும் சுவரும் அவர் பொறுப்பு. கதவும் பூட்டும் பல்பும் எங்கள் பொறுப்பு. ஆனால் போன மழைக்கு அவர் ஆள் அனுப்பவில்லை என்று அம்மாவே ஏணி வைத்து ஏறி, தார் பூசி ஓட்டையை அடைத்தாள். அதுதான் பிழையாகிவிட்டது.

இன்று அவர் வாசலில் நின்றபடியே சிரித்தார். "போன தடவ நீங்கதானே அடைச்சீங்க? கை பழகியிருக்குமே. இனி அது உங்க வேலதான். முடியாட்டி சாவியக் குடுங்க, வேற ஆள் கேக்குது."

"சரிங்க முதலாளி" என்றாள் அம்மா. அவர் போனதும் மூலையில் இருந்த தார் டின்னை எடுத்தாள்.

"ஏறாதீங்கம்மா. இன்னைக்கும் ஏறினா இந்தக் கூரை எப்பவும் நம்ம தலையிலதான்."

"வாயே தொறக்காதவ சட்டம் பேசுறியா? இத விட்டா இந்தக் கஹவத்தை டவுன்ல நமக்கு வேற எங்கடி எடம்?"

எனக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து எனக்கென்று இருப்பது அந்தத் தையல் மெஷின்தான். அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

ஆனாலும் டின்னை அவள் கையிலிருந்து வாங்கினேன். நனைந்துகொண்டே ரோட்டைக் கடந்து அவருடைய ரப்பர் கடைக்குப் போனேன். உள்ளே ஆட்கள் நிறைய. குரல் வராது என்று நினைத்தேன். வந்தது.

"முதலாளி, கூரை உங்களுதுங்க."

டின்னை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.