பலகாரம் சுடாத தீபாவளி

கிள்ளான்,
18 நவம்பர் 2025

அன்புத் தம்பி குருவுக்கு,

அக்கா தாமரை எழுதுவது. இது உன் கைக்கு வரும்போது நீ கரையில் இருப்பாய். ஸ்காட்லாந்தில் உங்கள் துறைமுகத்திலேயே வைத்திருந்து, நீ இறங்கியதும் கொடுப்பதாக அதிகாரி போனில் சொன்னார். நின்றுகொண்டே படிக்காதே. எங்காவது உட்கார்.

முதலில் திட்டிவிடுகிறேன். ஜூலையில் நீர்மூழ்கிக்குள் போகும் முன், வீட்டில் கெட்டது நடந்தால் சொல்லவா வேண்டாமா என்று படிவத்தில் கேட்டார்களாம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாயே, யாரைக் கேட்டு எழுதினாய்? நான் கத்தினேன். அப்பாதான், “சரியாத்தான் செஞ்சிருக்கான். நடுக்கடல்ல தெரிஞ்சு என்ன பண்ணுவான்? அந்தக் கப்பல் யாருக்காகவும் திரும்பாதுலா” என்று உன் பக்கம் பேசினார்.

முப்பது வருஷம் ரயில் பட்டறையில் நட்டு முடுக்கியவர் அல்லவா, உன் கப்பல் என்றால் அவருக்குத் தனிப் பெருமை. பிரிட்டிஷ் கடற்படைக்காக நீ மலேசியச் சிவப்புப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்த அன்று சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவரும் அவரேதான். பிறகு கோப்பிக்கடையில் ஆள் கிடைத்தால் போதும். “அணு உலைலா! இருபத்தஞ்சு வருஷத்துக்கு எண்ணெயே ஊத்த வேணாம். மூச்சுக் காத்து, குடிதண்ணி எல்லாம் கடல்லேருந்தே எடுத்துக்கும். அரிசி தீந்தாத்தான் கரைக்கு வரணும்” என்று ஆரம்பித்துவிடுவார். வெளியே ரப்பர் ஓடு ஒட்டியிருப்பதால் பக்கத்தில் போனாலும் சத்தம் கேட்காது என்பார். கொமுட்டர் ரயில் தாமதமானால் உன் கப்பலைச் சொல்லித்தான் அதைத் திட்டுவார்.

எனக்கு உன் கப்பல் மேல் கோபம்தான். பதினாறு குழாய் ஏவுகணை, பாதி உலகம் தாண்டி அடிக்குமாம். உள்ளே இருப்பவன் வீட்டுக்கு ஒரு வார்த்தை அனுப்ப முடியாதாம்! அனுப்பினால் இருக்கும் இடம் தெரிந்துவிடுமாம். நாங்கள் அனுப்புவதை மட்டும் வாங்கிக்கொள்ளும். வாரத்துக்கு நூற்றிருபது வார்த்தை, அதுவும் ஆங்கிலத்தில். அதையும் ஓர் அதிகாரி படித்துப் பார்த்து, கெட்ட செய்தி இருந்தால் நிறுத்திவிடுவார். நாலு மாதமாயிற்று உன் குரலைக் கேட்டு. பழைய வாட்ஸ்அப் பதிவில் “அக்கா, சம்பல் அனுப்பிட்டியா?” என்று கேட்டிருக்கிறாய். அதையே போட்டுப் போட்டுக் கேட்கிறேன். உன்னைத் தேடுதுடா.

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். தீபாவளி வாரம் நூற்றிருபது வார்த்தைக்கு விஷயம் போதவில்லை. மழையை எழுதினேன், லிட்டில் இந்தியா நெரிசலை எழுதினேன். கடைசியில், இந்த வருஷம் வீட்டில் முறுக்கு சுடவில்லை, பக்கத்து வீட்டு இராஜம்மா அக்கா ஒரு டின் கொண்டுவந்து கொடுத்தார் என்று சேர்த்து அனுப்பிவிட்டேன். அந்த வெள்ளைக்கார அதிகாரிக்கு அது வெறும் முறுக்கு. விட்டுவிட்டார். மறுநாள் டின்னைத் திறக்கும்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பலகாரம் சுடமாட்டோம், அக்கம்பக்கம்தான் கொடுக்கும் என்று உனக்குத் தெரியாதா என்ன?

வீட்டில் இருந்தது நாங்கள் மூன்று பேர். எழுதுவது நான். அப்படியானால் போனது அப்பாவா, அம்மாவா? கேட்க உனக்கு வழியே இல்லை. கடலுக்கு அடியில், வேலையையும் பார்த்துக்கொண்டு, இரண்டு பேரையும் நினைத்து நீ தவிப்பாயே. பாவி நான், உன்னை அப்படி விட்டுவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். டின்னை வாங்கி மூடி வைத்தார். பிறகு, “ரெண்டு பேருக்கும் சேத்து அழுதுகிட்டு இருப்பான்டி எம்புள்ள. நான் இருக்கேன்னாவது எழுது” என்றார். அப்படி எழுதினால் அப்பா இல்லை என்று தெரிந்துவிடுமே என்றேன். “தெரியட்டும். பாதி அழுகையாவது மிச்சம்” என்றார்.

அதற்குப் பிறகு அனுப்பிய நாலு செய்தியும் அம்மா என்றே தொடங்கின. அம்மா நெத்திலி சம்பல் கிண்டினார், அம்மா கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார், அம்மா உன் சட்டைகளை வெயிலில் போட்டார். அப்பா பேர் ஒன்றிலும் இல்லை. உனக்கு அவை வந்தனவா, புரிந்ததா, ஒன்றும் தெரியாமல் இருக்கிறேன்.

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. அப்பா செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி காலையில் போய்விட்டார். மாரடைப்பு. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. கொள்ளியை மாமா மகன் வைக்கட்டும் என்றார்கள். தம்பி இடத்தில் நான் நிற்கிறேன் என்று சொல்லி நானே வைத்தேன். அஸ்தியை மோரிப் கடலில் கரைத்தோம். உன் கப்பலை ஒரு தடவை கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர், கடலோடாவது போகட்டும் என்று அம்மா சொன்னார்.

உன் மேல் யாருக்கும் வருத்தமில்லை. நல்லா இரு, நூறு வருஷம் இரு.

படித்து முடித்ததும் வீட்டுக்குப் போன் போடு. இங்கே மணி என்ன என்று பார்க்காதே. நாலு வாரமாக அம்மா போனை மடியை விட்டு இறக்கவில்லை. நான் எடுக்கமாட்டேன், அம்மாதான் எடுப்பார். முதலில் அந்தக் குரலைக் கேள். அப்புறம் அழு.

உன் வருகைக்குக் காத்திருக்கும்,
அக்கா தாமரை