அடுத்த வீட்டுச் சங்கு

பவானிபூர், கல்கத்தா
பங்குனி, 1908

பிரியமுள்ள அக்காவுக்கு,

இங்கே குடிவந்த அன்றே ஒரு கூத்து நடந்தது. பொழுது சாயும் நேரத்தில் அடுத்த வீட்டில் சங்கு ஊதினார்கள். சாவு விழுந்துவிட்டது என்று நினைத்து, உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடினேன். நம் ஊர் வழக்கப்படி வாசலில் நின்ற அம்மாளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள் என் கண்ணைத் துடைத்து, வாயில் ஒரு பால் இனிப்பை ஊட்டினாள். சாவு வீட்டில் இனிப்பா என்று திகைத்துப் போனேன்.

ஆபீசிலிருந்து வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். "யாரும் சாகல. இங்க தினமும் விளக்கேத்தினதும் சங்கு ஊதுவாங்க. கல்யாணம்னாலும் ஊதுவாங்க, பிள்ளை பிறந்தாலும் ஊதுவாங்க."

அன்றிலிருந்து அந்தியானால் ஜன்னலோரம் நிற்கிறேன். எந்த வீட்டில் முதலில் ஊதுகிறார்கள், யாருக்கு மூச்சு நீளம் என்று கேட்பதில் அப்படி ஒரு ஆசை. நானும் ஊதிப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது. இப்போது அந்த அம்மாள் சங்கை என் கையில் தருவதில்லை. என் வயிற்றைக் காட்டித் தலையாட்டுகிறாள். மீன் பொரிக்கும்போது எங்கள் பக்கத்து ஜன்னலையும் சாத்திவிடுகிறாள்.

போன தடவை பிள்ளை தங்காமல் போனதை அவளிடம் நான் சொல்லவில்லை.

ஆவணி பிறப்பதற்குள் நீ வந்துவிடு. ஒருநாள் எங்கள் வீட்டிலேயே அவள் சங்கு ஊதுவாள். அப்போது அழுதுகொண்டு ஓடி வராதே அக்கா, சிரித்துக்கொண்டே உள்ளே வா.

உன் வழியைப் பார்த்திருக்கும்,
தங்கை