சட்டைப் பையில் இருந்த ரோட்டர்

யாசிர்,

சால்னா அடுப்பு மேல் இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடு. ஷெட் சாவி ஆணியில் தொங்குது.

நேற்று அடையாறு டாக்டர் வாங்க வந்தபோது நம்ம பழைய எம்ஜி கார் கிளம்பவில்லை. "ஒரு வயரை ஒழுங்கா மாட்டத் தெரியல, நீ இன்னாடா மெக்கானிக்?" என்று அவர் எதிரிலேயே உன்னைக் கேட்டேன். டாக்டர் வாங்காமலே போய்விட்டார்.

இன்று விடியக்காலை உங்கம்மா என் சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையில் நம்ம எம்ஜி இன்ஜினோட ரோட்டர் இருந்தது. அது இல்லாமல் எந்த இன்ஜின் கிளம்பும்? பார்க்க வருகிறவன் வண்டியை ஓட்டிக்கினு போய்விடுவான் என்று நான்தான் முந்தாநாள் கழற்றினேன். கழற்றியதை மறந்தும் போனேன். நீ செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை.

உன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கு. அதான் நீ எழுவதற்குள் அடையாறு போகிறேன். தப்பு என்னுது என்று டாக்டரிடம் சொல்லி, வந்தால் கையோடு கூட்டி வருகிறேன்.

அத்தா

ரோட்டர் உன் சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்தில், துணியில் சுற்றி இருக்கு. நீயே மாட்டு.

மழை வந்தால் வண்டிக்குத் தார்ப்பாய் போடு.

டாக்டர் தனியாகவே ஓட்டிப் பார்க்கட்டும். அவரோட சொந்தக் கார் சாவியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்.

ரோட்டரை இனிமேல் கழற்றினால் உன்னிடமே இருக்கட்டும். நான் கேட்டாலும் கொடுக்காதே.