தலைமை நூலகரின் நாற்காலி

அன்புள்ள அக்கா,

உட்கார்ந்தால் ஊழியர்களுக்குச் சோம்பல் வருமாம்! எங்கள் தலைமை நூலகர், புத்தகம் வழங்கும் இடத்திலிருந்த நாற்காலிகளையெல்லாம் எடுத்துவிட்டார். அவர் அறையில் மட்டும் மெத்தை நாற்காலி.

இன்று மதியம், என்னோடு வேலை செய்யும் ஏழு மாதக் கர்ப்பிணி தலைசுற்றிச் சரிந்தாள். எனக்கு வந்ததே கோபம்! அவர் அறைக்குள் போய் அந்த நாற்காலியை உருட்டிவந்து அவளை உட்கார வைத்தேன்.

"யாரைக் கேட்டு எடுத்தே?" என்று கத்தினார்.

"நீங்க யாரைக் கேட்டு எங்களோடதை எடுத்தீங்க?"

வாசித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் பயந்து எழுந்திருக்கப் போனாள். நான் விடவில்லை.

இனிமேல் பகலில் வீட்டில்தான் இருப்பேன். ஏனென்று போனில் கேட்காதே, அழுதுவிடுவேன். கொஞ்ச நாள் கோபமாகவே இருந்துகொள்கிறேனே!

இப்படிக்கு,
உன் வாயாடித் தங்கை